கடைப் படி இறங்கிப் போகும் உரிமை

அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. எவர்சில்வர், பித்தளை, கொஞ்சம் அலுமினியம். நேர் எதிரே இன்னொரு பாத்திரக்கடை. அதன் முதலாளியை அப்பா பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அவர் எப்போதும் 'எதிர்க்கடைக்காரர்'தான். ஆடி கழிந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால், யார் வாசலில் செருப்பு அதிகம் கிடக்கிறது என்று இரண்டு பேரும் கல்லாவில் உட்கார்ந்தபடியே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் பத்தாவது படிக்கும்போது எதிர்க்கடை மூடப்பட்டது. அவர்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை. அன்று ராத்திரி அம்மா, "இனிமே எல்லாம் நமக்குத்தான்" என்றாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அந்த ஆவணிக்குக் கடன் வாங்கிக் கூடுதலாகச் சரக்கு எடுத்தார்.

வியாபாரம் பாதியாக விழுந்தது. ஏன் என்று பிடிபட இரண்டு வருடம் ஆயிற்று. சீர்ப்பாத்திரம் எடுக்க வருகிற குடும்பம் ஒரே ஒரு கடையை நம்பி வேன் பிடித்து வராது. இங்கே விலை கேட்டு, குடத்தைத் தட்டிப் பார்த்து, "பார்த்துட்டு வர்றோம்" என்று படி இறங்கி, எதிர்க்கடையில் ஏறி, திரும்ப இங்கே வந்து எடை போடச் சொல்லும். அதற்கு வழியில்லை என்றானதும் அவர்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா பின்னாளில் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "அவன் கடைக்கு வந்தவங்கதான்டா நம்ம கடைக்கும் வந்தாங்க."

பல வருடம் கழித்து, 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. 'வணிகப் பொறாமை' பற்றிய கட்டுரை அது. பக்கத்து நாடு செழித்தால் நம் நாடு நொடிந்துபோகும் என்று அரசுகள் பயப்படுகின்றன. அந்தப் பயம் தப்பு என்கிறார் ஹியூம். பக்கத்து வீட்டுக்காரன் சோம்பேறியாகவும் ஏழையாகவும் கிடந்தால் உன் சரக்கை வாங்க அவனிடம் என்ன இருக்கும்? பிரிட்டனின் தொழில்கள் வளர்ந்ததே அயலாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால்தானே? இப்படிக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, ஏன், பிரான்ஸின் வணிகமும்கூடச் செழிக்க வேண்டும் என்று மனிதனாக மட்டுமல்லாமல் பிரிட்டிஷ் குடிமகனாகவும் வேண்டிக்கொள்கிறேன் என்று முடிக்கிறார். அவர் இதை எழுதியபோது 1756 முதல் 1763 வரை நீடித்த ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ்தான் எதிரி. போர் நடக்கும்போது எதிரியின் கடை நன்றாக நடக்கட்டும் என்று அச்சில் எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'வணிகம் பெருகினால் போர் ஒழியும் என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் நம்பினார்கள், பாவம், வரலாறு அவர்களைப் பொய்யாக்கிவிட்டது.' இந்த மாதிரி வாக்கியத்தை நானும் பலமுறை படித்திருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். மூல நூல்களுக்குள் போன பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மறுபாதியை நாம் விட்டுவிட்டோம். அவர்களுக்குப் பின்னால் வந்த ஐரோப்பியர்களும் அப்படித்தான் விட்டார்கள். அந்த விடுபடலுக்கு விலை கொடுத்தவர்களில் நம் கரையோரத்து ஜனங்களும் உண்டு.

எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியுவுடையது. போர்தோ பக்கத்து லா பிரேத் என்ற ஊரில் 1689இல் பிறந்தவர், திராட்சைத் தோட்டக்காரர், தன் ஒயினை இங்கிலாந்துக்கு விற்றவர். வணிகம் என்பது அவருக்கு ஏட்டில் படித்த விஷயம் இல்லை. 1748இல் ஜெனீவாவில் வெளிவந்த 'சட்டங்களின் ஆன்மா' நூலில், வணிகத்தின் இயல்பான விளைவு அமைதிதான் என்று எழுதினார். இரண்டு நாடுகள் தங்களுக்குள் வியாபாரம் செய்தால் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. ஒன்றுக்கு வாங்குவதில் லாபம், மற்றதற்கு விற்பதில் லாபம்.

அதே அத்தியாயத்தில், அடுத்த மூச்சிலேயே, 'ஆனால்' என்று ஆரம்பிக்கிறார். வணிக மனப்பான்மை நாடுகளைச் சேர்த்துவைக்கிறது, மனிதர்களை அப்படிச் சேர்த்துவைப்பதில்லை. வணிகம் ஒன்றே கதி என்று இருக்கும் நாட்டில் அன்பு, அறம் எல்லாவற்றுக்கும் விலை வந்துவிடுகிறது. மனிதாபிமானத்துக்காகச் செய்ய வேண்டிய சிறு காரியம்கூடக் காசுக்குத்தான் நடக்கிறது. விருந்தோம்பல் வணிக நாடுகளில் மிக அரிது என்றும், கொள்ளையடித்துப் பிழைக்கும் கூட்டத்தாரிடம் அது அருமையாகக் காணப்படுகிறது என்றும் சொல்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'விருந்தோம்பல்' என்ற இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

அவர் நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. மாற்றுண்டியல் பற்றியது. நம் பக்கத்து வியாபாரிகள் உண்டியல் என்று புழங்கிய அதே வகைச் சீட்டுதான். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி ஒரு தாளை வாங்கிக்கொண்டு, கடல் தாண்டி இன்னோர் ஊரில் அதைக் காட்டிப் பணமாக்கலாம். இடைக்கால இங்கிலாந்தில் ஜான் என்ற மன்னர் யூதர்களைச் சிறையில் போட்டுப் பணம் பறித்த கதையை மொந்தெஸ்கியு சொல்கிறார். ஒருவருக்குத் தினம் ஒரு பல்லாகப் பிடுங்கினார்கள். ஏழு நாள் ஏழு பல். எட்டாவது பல்லுக்கு அவர் பத்தாயிரம் வெள்ளி மார்க் கொடுத்தாராம். இப்படிப்பட்ட ஆட்சியாளர்களிடமிருந்து தப்பிக்க யூதர்கள் உண்டியலைக் கண்டுபிடித்தார்கள், செல்வம் கண்ணுக்குத் தெரியாததாக ஆனது, எங்கு வேண்டுமானாலும் தடயமில்லாமல் போகக் கூடியதாக ஆனது, அதன் பிறகு அரசர்கள் தாங்கள் நினைத்ததைவிட நல்லவர்களாக நடந்துகொள்ள வேண்டியதாயிற்று என்பது அவர் வாதம். உண்டியலைக் கண்டுபிடித்தது யூதர்கள்தான் என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. சரி, அது இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உண்டியல் செய்யும் வேலை. பல்லைப் பிடுங்க வருகிறவனிடமிருந்து எழுந்து போய்விடலாம். மொந்தெஸ்கியுவின் 'இனிய வணிகம்' இனிப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, எழுந்து போக முடியாதவர்கள்?

அந்த நூல் வெளிவந்த 1748ஆம் வருடத்துக்கு வாருங்கள். அவ்வருடம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்துக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். அதற்கான பதிலடி இது. இரண்டு பக்கமும் யார்? வியாபாரக் கம்பெனிகள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை முற்றுகைக்குள் இருந்துகொண்டு தன் நாட்குறிப்பைத் தமிழில் எழுதிவந்தார். அவரும் ஒரு வணிகர். ஆக, வணிகம் அமைதியைத் தரும் என்ற வரி ஜெனீவாவில் அச்சாகிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே ஒரு தமிழ் வணிகர் இரண்டு வணிகக் கம்பெனிகளின் குண்டுச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் புதுச்சேரி வீழ்ந்தது. ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இதை வைத்து மொந்தெஸ்கியு தோற்றுவிட்டார் என்று சொல்லிவிடலாமா? அவர் வரியைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். அவர் பேசியது ஒருவன் வாங்க, இன்னொருவன் விற்கிற உறவைப் பற்றி. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அப்படி இல்லை. இருவருமே வாங்க வந்தவர்கள். ஒரே கரையின் நெசவாளர்களிடமிருந்து ஒரே மாதிரித் துணியை, மற்றவனுக்குக் கிடைக்காமல் தானே எடுத்துவிட வேண்டும் என்று வந்தவர்கள். இருவரிடமும் அரசப் பட்டயம் இருந்தது, பீரங்கி இருந்தது, சம்பளம் கொடுத்து வைத்த சிப்பாய்கள் இருந்தார்கள். எங்கள் அப்பாவும் எதிர்க்கடைக்காரரும் வாடிக்கையாளரின் கையைக் கயிற்றால் கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. பின்னாளில் ஆங்கிலேயக் கம்பெனி முன்பணம் கொடுத்த நெசவாளர் வேறு யாருக்கும் நெய்து தரக் கூடாது என்று விதியே வந்தது. படி இறங்கிப் போக முடியாத கடை.

அமைதி உடன்படிக்கைகளின் கதையும் இதே லட்சணம்தான். 1713இல் யூட்ரெக்ட் நகரத்தில் ஐரோப்பிய அரசுகள் கூடிப் பெரும்போர் ஒன்றை முடித்துவைத்தன. அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போன பிரெஞ்சுத் தூதுக் குழுவில் சென் பியேர் என்ற பாதிரியாரும் இருந்தார். ஐரோப்பிய அரசர்கள் எல்லோரும் ஒரு நிரந்தர மன்றம் அமைத்துத் தங்கள் சண்டைகளை அங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய 'நிரந்தர அமைதித் திட்டம்' அதே வருடம் வெளிவந்தது. நல்ல மனிதர், நல்ல கனவு. ஆனால் அதே யூட்ரெக்டில் அமைதிக்கு விலையாக பிரிட்டன் வாங்கிக்கொண்ட வணிக உரிமைகளில் ஒன்று, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கு 30 வருடத்துக்கு, வருடத்துக்கு 4,800 கணக்கில் அடிமைகளைக் கொண்டுபோய் விற்கும் உரிமை. இந்த எண்ணிக்கை தலைக்கணக்குக்கூட இல்லை. வேலைக்குத் தகுந்த ஆளை ஓர் அலகாக வைத்துப் போட்ட கணக்கு. குழந்தை அரை, கிழவர் கால் என்பது மாதிரி. இந்தியத் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அந்த மனிதர்களை வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, நம் ஊர்த் தறிச் சத்தம் அந்தக் கப்பல்வரை போய் முட்டுகிறது.

ஆடம் ஸ்மித்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். தடையற்ற சந்தையின் தந்தை என்று சொல்லப்படுகிற அவர், 1776இல் எழுதியது இது: வணிகம் இயல்பாக நாடுகளுக்கு இடையே நட்பின் கட்டாக இருக்க வேண்டும், அதுவோ சச்சரவுக்கும் பகைக்கும் மிகச் செழிப்பான ஊற்றாக ஆகிவிட்டது. வெறும் அரசர்களை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. வியாபாரிகள், ஆலைக்காரர்களின் பொறாமையைத்தான் பெரிய குற்றவாளியாக நிறுத்தினார்.

இனி ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

1795இல், தன் 71ஆவது வயதில், 'நிரந்தர அமைதி' என்ற சிறு நூலை எழுதினார். கிழக்குப் பிரஷ்யாவை விட்டு அவர் வெளியே போனதே இல்லை. ஆனால் அவர் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் ஒரு துறைமுக நகரம். அவருடைய மிக நெருங்கிய நண்பர் ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகர். தன் சேமிப்பையே அந்த நண்பரின் நிறுவனத்தில்தான் போட்டுவைத்திருந்தார். தத்துவப் பேராசிரியர் என்றாலும் சாப்பாட்டு மேசையில் வணிகர்களோடு பேசிப் பழகியவர்.

நூலின் முதல் வரியில் ஒரு சத்திரம் வருகிறது. ஹாலந்துக்காரர் ஒருவர் தன் சத்திரத்துப் பெயர்ப் பலகையில் 'நிரந்தர அமைதி' என்று எழுதி, கீழே ஒரு இடுகாட்டுப் படத்தை வரைந்து வைத்திருந்தாராம். அங்கிருந்து தொடங்கி, உடன்படிக்கை மாதிரியே பிரிவு பிரிவாக எழுதிப் போகிறார். ஒரு பிரிவு, வெளிநாட்டு விவகாரங்களுக்காக அரசு கடன் வாங்கக் கூடாது என்கிறது. முடிவில்லாமல் கடன் வாங்கிக்கொண்டே போகும் ஏற்பாட்டை, இந்த நூற்றாண்டில் ஒரு வணிக தேசம் கண்டுபிடித்த சாமர்த்தியமான வேலை என்கிறார். இங்கிலாந்தைத்தான் சொல்கிறார். அந்தக் கடன் வசதி இருக்கிற வரை போர் தொடுப்பது ரொம்ப சுலபம். ஹியூமும் 1752லேயே இதைச் சொன்னார்: ஒன்று நாடு பொதுக்கடனை ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுக்கடன் நாட்டை ஒழிக்கும். வணிகம் கொண்டுவந்த நம்பிக்கையே, நாணயமே, போருக்கு முதலாக மாறுகிறது. இதை இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர்களையா அப்பாவிகள் என்கிறோம்?

அதே நூலில் விருந்தோம்பல் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. நமக்கு விருந்து என்றால் இலை போட்டுச் சாப்பாடு. பழந்தமிழில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்றும், புதிதாக வந்தவர் என்றும் பொருள். காண்ட் பேசுவது அந்தப் புதிதாக வந்தவரைப் பற்றித்தான். இது தயவு இல்லை, உரிமை என்கிறார். பூமி உருண்டை, மனிதர்கள் அதில் முடிவில்லாமல் விலகி விலகிப் போய்விட முடியாது, எங்கேயோ ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டும். ஆகவே அந்நிய நாட்டுக் கரையில் வந்து இறங்குகிறவனைப் பகைவனாக நடத்தக் கூடாது. அவன் பேசலாம், சரக்கைக் காட்டலாம். ஆனால் அது வந்து பார்க்கிற உரிமை மட்டும்தான். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால், உயிருக்கு ஆபத்தில்லாத வரை, அவன் திரும்பிப் போக வேண்டும்.

அப்புறம் ஐரோப்பாவின் பக்கம் திரும்புகிறார். நம் கண்டத்து நாகரிகமான, முக்கியமாக வணிகம் செய்கிற அரசுகள் எப்படி நடந்துகொள்கின்றன பாருங்கள் என்கிறார். அவற்றுக்கு வந்து பார்ப்பதும் வந்து பிடிப்பதும் ஒன்றாக இருக்கிறது. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, நறுமணப் பொருள் தீவுகள், நன்னம்பிக்கை முனை எல்லாம் அவற்றின் கண்ணுக்கு யாருக்கும் சொந்தமில்லாத இடங்கள்; அங்கே வாழ்கிறவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அதற்கு அடுத்து, இந்துஸ்தானத்தின் பெயரைச் சொல்லியே எழுதுகிறார்: வியாபாரக் கிடங்கு வைக்கிறோம் என்ற சாக்கில் வெளிநாட்டுச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், உள்ளூர் மக்களை ஒடுக்கினார்கள், அங்குள்ள அரசுகளுக்குள் பெரும்போர்களை மூட்டினார்கள், பஞ்சம், கலகம், துரோகம் என்று மனித குலத்தை வாட்டும் அத்தனை கேடுகளும் வந்தன. கோனிக்ஸ்பெர்க்கில் உட்கார்ந்து எழுதிய இந்த வாக்கியத்தில் கர்நாடகப் போர்கள் இருக்கின்றன, ஆற்காடு இருக்கிறது, இடிக்கப்பட்ட புதுச்சேரி இருக்கிறது. சீனாவும் ஜப்பானும் இந்த விருந்தாளிகளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியது புத்திசாலித்தனம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

சில பக்கம் தள்ளி, அதே மனிதர் எழுதுகிறார்: வணிக மனப்பான்மை போரோடு சேர்ந்து வாழ முடியாது, இன்றோ நாளையோ அது எல்லா மக்களையும் பற்றிக்கொள்ளும்.

முதல் தடவை படித்தபோது இது முரண்பாடு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். இப்போது அந்தக் குறிப்பை அழித்துவிட்டேன். 'வேண்டாம்' என்று ஒருவர் சொல்லக் கூடிய இடத்தில் நடப்பது ஒரு வணிகம். சொல்ல முடியாத இடத்தில் நடப்பதற்கும் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போரோடு சேர்ந்து வாழ முடியாது என்று காண்ட் சொன்னது முதலாவதைப் பற்றி. அப்பா, எடுக்காமல் போகிறவர்களையும் முகம் கோணாமல் அனுப்பச் சொல்வார். "படி இறங்கினவங்கதான் திரும்ப ஏறுவாங்க."

வணிகம் அமைதியைத் தரும் என்ற அந்த முதல் பாதியை மட்டும் அடுத்த நூற்றாண்டில் ஊர் ஊராகக் கொண்டு போனவர் ரிச்சர்ட் காப்டன். இங்கிலாந்தில் தானிய இறக்குமதிக்கு இருந்த சட்டத் தடை 1846இல் நீக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வருட ஜனவரியில் மான்செஸ்டரில் பேசும்போது, கோள்களுக்கு ஈர்ப்பு விசை எப்படியோ அப்படி மனித உலகத்துக்குத் தடையற்ற வணிகம் என்றார்; இனம், சமயம், மொழி என்ற பகைகளை அது ஒதுக்கித் தள்ளி மனிதர்களை நெருங்க வைக்கும் என்றார். மனதாரச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவருக்குப் பழைய நண்பர் ஒருவர், ஜான் பவுரிங். 'சர்வதேசம்' என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லை உருவாக்கிய ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் சீடர். பெந்தமின் எழுத்துகளை 1838 முதல் 1843 வரை தொகுத்து அச்சிட்டவர். காலனிகளை விட்டுவிடுங்கள், படைகளைக் குறையுங்கள், நாடுகளுக்கு ஒரு பொது நீதிமன்றம் வையுங்கள் என்று சொல்லும் பெந்தமின் நிரந்தர அமைதித் திட்டம் உலகத்துக்குத் தெரிந்தது அந்தத் தொகுப்பின் வழியாகத்தான். பவுரிங் 1854இல் ஹாங்காங் ஆளுநரானார். 1856 அக்டோபரில், 'ஏரோ' என்ற சிறு கப்பலில் சீன அதிகாரிகள் ஏறி, சீனர்களான மாலுமிகள் 12 பேரைக் கைது செய்தார்கள். ஹாங்காங் பதிவு பெற்ற கப்பல் அது, பிரிட்டிஷ் கொடி அவமதிக்கப்பட்டது என்று சண்டை கிளம்பியது. அந்தப் பதிவோ சில நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. அது பவுரிங்குக்கும் தெரியும், கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். அந்த மாதக் கடைசியில் சீனாவின் காண்டன் நகரத்தின்மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. சீனா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சரக்குகளில் பெரியது அபின். நம் நாட்டு வயல்களில் விளைந்த அபின்.

காப்டன் நண்பர் என்று பார்க்கவில்லை. 1857 பிப்ரவரி கடைசியில் நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச்சில் அது 263க்கு 247 என்று ஜெயித்தது. பிரதமர் பாமர்ஸ்டன் உடனே தேர்தலுக்குப் போனார். தேசத்தின் கௌரவம் என்ற பேச்சு எடுபட்டது. காப்டன் ஹடர்ஸ்ஃபீல்டில் தோற்றார். அவருடைய தோழர் ஜான் பிரைட், தடையற்ற வணிகத்தின் கோட்டையான மான்செஸ்டரிலேயே தோற்றார். எந்த ஊர் மேடையில் வணிகம்தான் அமைதி என்று கைதட்டினார்களோ அதே ஊர்.

மூன்று வருடம் கழித்து, 1860 ஜனவரி 23ஆம் தேதி, காப்டன் தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தைச் செய்து முடித்தார். பிரெஞ்சுப் பொருளியலாளர் மிஷெல் ஷெவாலியேயோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பிரிட்டன்–பிரான்ஸ் வணிக உடன்படிக்கை கையெழுத்தானது. ஹியூம் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்றே சொல்லலாம். நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்ட எதிர்க்கடைக்காரர்கள் இருவரும் ஒருவர் சரக்குக்கு மற்றவர் கதவைத் திறந்தார்கள். அந்த வருடம் பெரும்பகுதியும் காப்டன் பாரிஸில்தான் இருந்தார். இரும்புக்கு எவ்வளவு, பருத்தித் துணிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பொருளாக எடுத்து வரியை முடிவு செய்துகொண்டிருந்தார்.

'ஏரோ' கப்பலில் கிளம்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த அக்டோபரில் பெய்ஜிங் நகருக்கு வெளியே சீனப் பேரரசரின் கோடைக்கால அரண்மனைக்குள் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் புகுந்தன. கொள்ளையை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டன. அப்புறம் பிரிட்டிஷ் படை அரண்மனைக்குத் தீ வைத்தது. காப்டன் அப்போதும் பாரிஸில் வரிப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.